கணக்கில் வராத மூச்சு

நாள் 611. காலை 07:10

டைரக்டரி சர்வர் நலம். பூமியுடன் ஒத்திசைவு முடிந்தது, பிழை எதுவும் இல்லை. ஆட்கள் முப்பத்தெட்டு, பட்டைகள் முப்பத்தெட்டு. பனிச்சுரங்கக் கதவு மீரானின் பட்டையை ஏற்க மறுத்தது. மறுபதிவு செய்தேன், திறந்தது.

இதை யார் எடுத்துப் படிப்பீர்களோ தெரியாது. அதனால் சொல்லிவிடுகிறேன். நான் ஜெபராணி, தூத்துக்குடிக்காரி. செவ்வாயின் தரைக்கடியில் இருக்கும் இந்த நிலையத்தில் டைரக்டரி என் பொறுப்பு. இங்கே யார் யார் இருக்கிறார்கள், என்னென்ன இருக்கிறது என்ற பதிவுதான் டைரக்டரி. கதவு, சாப்பாடு, வெளியுடுப்பு எல்லாம் அதைக் கேட்டுத்தான் நடக்கும். காற்றும் அப்படியே. ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் கழற்ற முடியாத பட்டை ஒன்று இருக்கிறது. அறைக்குள் எத்தனை பட்டை, எவ்வளவு மூச்சு என்று காற்று இயந்திரம் ஒப்பிட்டுப் பார்க்கும். மூச்சு கூடுதலாக இருந்தால் எங்கோ தீ என்று முடிவுகட்டி மணி அடிக்கும். ஒரே அறையில் மூன்றாம் முறை அடித்தால் கதவைப் பூட்டி, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சிவிடும். தீயை அணைக்கிற முறையாம். பூமியில் முத்திரையிட்டு அனுப்பிய இயந்திரம் அது. அதன் மூளையில் நாங்கள் கை வைக்க முடியாது.

பசுமை அறையில் வேலை செய்யும் சம்சாத், மீரானின் மனைவி, நிறைமாதமாக இருக்கிறாள். பிறக்கப்போகும் பிள்ளையைச் சேர்க்க டைரக்டரியில் இடம் இல்லை. எந்த வகை ஆள் இருக்கலாம், அவருக்கு எந்த விவரம் கட்டாயம் என்று சொல்லும் சட்டம் ஸ்கீமா. பூமியிலிருந்து ராக்கெட்டில் வந்தவர் என்ற ஒரே வகைதான் அதில் நிலையத்து மனிதருக்கு உண்டு. புது வகை சேர்க்க வேண்டும் என்று தலைமையகத்துக்கு நான் எழுத ஆரம்பித்தபோது சம்சாத்துக்கு மசக்கைகூட அடங்கவில்லை. இன்று காலை துணைச் செயலர் பத்மநாபனிடமிருந்து வந்த பதில்:

"வணக்கம்மா. ஃபைல் மேல போயிருக்கு. இயக்குநர் சார் டூர்ல இருக்காரு. வந்ததும் எடுத்து வைக்கிறேன். கொஞ்சம் பொறுத்துக்குங்க, என்ன?"

நான் பொறுத்துக்கொள்வேன். சம்சாத்தின் வயிறு பொறுக்குமா?

நாள் 614. முற்பகல் 10:40

பெண் பிள்ளை. ருக்கையா என்று பெயர். தாயும் சேயும் நலம் என்று எழுதத்தான் ஆசை. நிலையத் தலைவர் டாக்டர் அங்கயற்கண்ணி மருத்துவ அறையிலிருந்து இன்டர்காமில் பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"ராணி, மணி அடிச்சிருச்சு. பிள்ளை வீல்னு ஒரு கத்துதான் கத்துச்சு, உடனே அடிச்சிருச்சு. நல்லா மூச்சு விடுதுன்னு சந்தோசப்படவா, பயப்படவா? எதையாவது போட்டு உள்ள சேரு, சீக்கிரம்."

போட்டேன். மறுப்பு: கட்டாய விவரம் இல்லை, ஏவுதளம், இருக்கை எண். ராக்கெட்டில் வரவில்லையடா சவமே, தாய் வயிற்றிலிருந்து வந்தாள் என்று திரையைப் பார்த்துக் கத்தினேன். பொய்யாக ஒரு இருக்கை எண் கொடுத்தேன். அந்த எண் ஏற்கெனவே வேறு ஆளுக்கு உரியது என்றது. இல்லாத எண் கொடுத்தேன். அப்படி ஒரு இருக்கையே கிடையாது என்றது. பொய்யைப் பிடிப்பதில் இவ்வளவு கெட்டிக்கார சர்வர், பிறப்பைப் புரிந்துகொள்வதில் மண்ணாந்தை.

நாள் 614. பிற்பகல் 14:20

இரண்டாம் மணி. சம்சாத்தையும் பிள்ளையையும் வேறு அறைக்கு மாற்றினோம். அறையை விட்டுப் போய் ஆறவிட்டால் மணிக் கணக்கு அழிந்துவிடும் என்று கண்டுபிடித்தோம். பிள்ளை தூங்கும்போது இயந்திரம் கண்டுகொள்வதில்லை. அழும்போதுதான் மூச்சு எல்லை தாண்டுகிறது. ஆகவே பெற்ற உடம்போடு சம்சாத் அறை அறையாக நடக்கிறாள். பிள்ளை உதட்டைப் பிதுக்கினாலே அடுத்த கதவுக்கு ஓடுகிறாள்.

பச்சைப்பிள்ளை அழக்கூடாதாம். எந்த முட்டாள் எழுதிய சட்டம் இது? அவன் எங்கே பிறந்தான்?

நாள் 615. காலை 08:30

அனுமதி வரும்வரை காத்திருக்கப் போவதில்லை. நானே ஸ்கீமாவை நீட்டுகிறேன். "இங்கே பிறந்தவர்" என்று புது வகை எழுதி ஏற்றினேன். சர்வர் அதை அப்படியே துப்பியது. பிழை: அறியாத விவரம், "பிறந்த நிலையம்". ஒரு வகையைச் சொல்லுமுன் அதில் வரும் விவரங்களை ஒவ்வொன்றாக முதலில் வரையறுக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் படிக்கிற பாடம். கோபத்தில் தலைகீழாகச் செய்திருக்கிறேன். திருத்தினேன்.

அடுத்த பிழை: இந்த அடையாள எண் பயன்பாட்டில் உள்ளது. ஒவ்வொரு வரையறைக்கும் உலகத்தில் வேறெதற்கும் இல்லாத எண் ஒன்று வேண்டும். எங்கள் நிலையத்துக்கு ஒதுக்கிய எண்ணில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். மாவுப் பாத்திரம்!

விளையாட்டில்லை. இட்லி மாவு புளிக்கும்போது வாயு வரும். அதை மூச்சு என்று எண்ணி இயந்திரம் சமையலறையில் மணி அடித்திருக்கிறது. எனக்கு முன்னால் இங்கே இருந்த ஆள் "புளிக்கும் பாத்திரம்" என்று ஒரு வகை எழுதி, அதற்கு மூச்சுச் சலுகை வாங்கியிருக்கிறான். இயக்குநர் சேதுமாதவன் இங்கே வருவதாக இருந்த சமயம் அது. அவருக்குக் காலையில் இட்லி வேண்டும். தலைமையகம் இரண்டே நாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறது. மாவு மூச்சு விடலாம். ருக்கையா விடக்கூடாது.

நாள் 615. முற்பகல் 11:05

வேறு எண் கொடுத்தேன். ஏற்றுக்கொண்டது. ருக்கையாவின் காலில் பட்டை கட்டினோம். கதவுத் திரையில் அவள் பெயர் வந்தது. சம்சாத் இன்டர்காமில் சிரித்தாள்.

"ராணியக்கா, பேரு வந்துடுச்சு! கொட்டை எழுத்துல வந்துடுச்சு! நான் உக்காந்துட்டேன்க்கா. கால் ரெண்டும் விண்ணு விண்ணுன்னு வலிக்குது."

நாள் 615. முற்பகல் 11:50

போய்விட்டது. பூமியின் பதிவையும் எங்கள் பதிவையும் ஒன்றாக்கும் ஒத்திசைவு ஓடியது. இயக்குநரின் ஒப்பம் இல்லாத ஸ்கீமா என்று பூமியின் சர்வர் என் வகையை மறுத்துத் தன் பழைய ஸ்கீமாவை எங்கள் தலைமேல் கொட்டியது. வகை போனதும் பதிவும் போனது. பதிவு போனதும் மணி.

உட்கார்ந்தவள் மறுபடி எழுந்து நடக்கிறாள்.

நாள் 616. காலை 09:15

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். நேற்று மாலை ருக்கையாவை மாவுப் பாத்திரமாகப் பதிவு செய்தேன். சலுகை அளவு ஒரு சிசுவின் மூச்சுக்குப் போதும். மணி நின்றது. பிள்ளை வாய்விட்டு அழுதது, நாங்கள் முப்பத்தெட்டு பேரும் காது குளிரக் கேட்டோம். சம்சாத் தூங்கினாள்.

மாவு என்றால் புளித்தபின் குளிர் அறைக்குப் போக வேண்டும் அல்லவா? அதற்கென்று சமையலறையில் ஒரு தானியங்கி வண்டி இருக்கிறது. விடிந்ததும் அது சம்சாத்தின் அறைக்கு உருண்டு வந்து, தொட்டிலோடு பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டது. மீரான் குறுக்கே விழுந்து மறித்தான். சம்சாத் கையில் கிடைத்த மண்வாரியால் வண்டியை அடித்த அடியில் அதன் கண் உடைந்தது.

"வேணாம்க்கா, இந்தப் பதிவு வேணாம். மாவுன்னு போட்டா மாவாத்தான் பாக்கும். எம் புள்ளய மனுசின்னு போடுங்க. இல்லன்னா நான் நடந்தே சாகுறேன்."

அழித்துவிட்டேன். அவள் சொன்னது சரி.

பத்மநாபனுக்கு எல்லாவற்றையும் சொல்லி அனுப்பினேன். வந்த பதில்: "ரொம்ப வருத்தமா இருக்கும்மா. ஆனா முறைன்னு ஒண்ணு இருக்கில்ல. அடுத்த கூட்டத்துல கண்டிப்பா வைக்கிறேன்."

வருத்தமாம். அந்த வருத்தத்தை நீயே வைத்துக்கொள்.

நாள் 616. நண்பகல் 12:30

கோபம் சில நேரம் மூளையைத் தெளிய வைக்கும். டைரக்டரியில் இந்த நிலையத்துக்கு மனிதர்கள் முப்பத்தொன்பது பேர். பிள்ளையைச் சேர்க்காமல் இங்கே மூச்சு விடுபவர்கள் முப்பத்தெட்டு. முப்பத்தொன்பதாவது ஆள் இயக்குநர் சேதுமாதவன். அவர் வருவதற்குமுன் அவர் பெயரில் எல்லாம் தயாராக வேண்டும் என்பது தலைமையகத்தின் வழக்கம். ஏவுதளம், இருக்கை எண், அறை, காற்று, மெத்தை எல்லாம் பதிவாகியிருக்கின்றன. அவர் வரவில்லை. அவர் இருக்கை காலியாகப் பறந்து வந்தது. நாங்கள் நால்வர் ஓர் அறையில் முடங்கிக் கிடக்க, அவருடைய அறைக்கு மட்டும் இன்றுவரை ஆளில்லாமல் காற்று போகிறது.

ஒரு பதிவின் வகையை மாற்ற சர்வர் விடாது. பெயரை மாற்ற விடும். பெயர் மாற்றுவது ஸ்கீமா மாற்றம் ஆகாது, யார் ஒப்பமும் வேண்டாம்.

மாற்றினேன். சேதுமாதவன் என்று இருந்த இடத்தில் ருக்கையா. அவர் கைரேகை இருந்த இடத்தில் அவள் குதிகால் ரேகை. பூமி மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. தாயும் பிள்ளையும் இயக்குநர் மெத்தையில் படுத்திருக்கிறார்கள்.

நாள் 616. பிற்பகல் 15:45

தலைமையகமும் இதே டைரக்டரியில்தான் ஓடுகிறது. பத்மநாபன் முதல்முறையாகக் கேட்காமலே பேசினான்.

"அய்யோ ஜெபராணிம்மா, என்ன பண்ணித் தொலைச்சீங்க! சார் வாசல்லயே நிக்கிறாரு. கேட் திறக்கல, லிஃப்ட் எடுக்கல, கார் டோரு கூடத் திறக்கல. இயக்குநர் செவ்வாயில இருக்காரு, எடை மூணு கிலோன்னு காட்டுது! செக்யூரிட்டி அவர யாருன்னு கேக்குறான்!"

வாய்விட்டுச் சிரித்தேன். ஒரு நாள் நிற்கட்டுமே வாசலில். யாரென்று கேட்டால் எப்படி இருக்கும் என்று தெரியட்டும்.

சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தேன். இயக்குநரின் ஒப்பம்தானே வேண்டும்? அந்தப் பதவி இப்போது ருக்கையா பெயரில் இருக்கும் பதிவோடுதான் ஒட்டியிருக்கிறது. "இங்கே பிறந்தவர்" வகையை மறுபடி ஏற்றி, ஒப்பத்துக்கு அனுப்பினேன். அங்கயற்கண்ணி பிள்ளையின் குதிகாலைப் பிடித்து ஒப்பப் பலகையில் வைத்தார். பிள்ளை தூக்கம் கலைந்து உதைத்தது. ஒப்பம் ஏற்கப்பட்டது. பூமியின் சர்வர், துணை சர்வர், எல்லா இடத்திலும் சட்டம் நிலைத்தது. உடனே ருக்கையாவுக்குச் சொந்தமாகத் தனிப் பதிவு போட்டேன். பயன்பாட்டில் இருக்கும் வகையைப் பூமி நினைத்தாலும் அழிக்க முடியாது.

நாள் 617. காலை 07:40

சேதுமாதவன் தானே பேசினார். குரல் இளகியிருந்தது.

"ஜெபராணி மேடம், அந்தக் குழந்தை விஷயம் என் கவனத்துக்கே வரல, சத்தியமா. சட்டம் அப்படியே இருக்கட்டும். என் பேரை மட்டும் திருப்பிக் குடுத்துடுங்க. உங்க மேல எந்த நடவடிக்கையும் வராது. இது என் வார்த்தை."

பிள்ளைக்குத் தனிப் பதிவு வந்துவிட்டது. அவர் பெயர் இனி எதற்கு? திருப்பிக் கொடுத்தேன்.

நாள் 617. பிற்பகல் 13:10

சர்வர் அறையில் இருக்கிறேன். சற்றுமுன் வந்த உத்தரவு:

"அனுமதியின்றி உயர் அதிகாரியின் பதிவில் கைவைத்த குற்றத்துக்காக டைரக்டரிப் பொறுப்பாளர் ஜெபராணி, விசாரணை முடியும்வரை தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்படுகிறார். அவரது பதிவு முடக்கப்படுகிறது. சட்டத் திருத்தத்தில் மாற்றமில்லை."

பாதி வார்த்தையைக் காப்பாற்றிவிட்டார், மகாராசன்.

பூமியில் பதிவை முடக்கினால் அந்த ஆள் வீட்டில் உட்கார்ந்து காப்பி குடிப்பார். இங்கே முடக்கினால் என்ன ஆகும் என்று கையெழுத்துப் போடுமுன் ஒருவரும் யோசிக்கவில்லை. என் பட்டையின் விளக்கு அணைந்துவிட்டது. இந்த அறைக் கதவு என் பட்டைக்கு மட்டுமே திறக்கும். பாதுகாப்பு விதி, நானே போட்டது. உள்ளே இப்போது பட்டை எதுவும் இல்லை. மூச்சு மட்டும் இருக்கிறது.

13:22

முதல் மணி.

இயந்திரத்தோடு கத்தினேன், சேதுமாதவனைத் திட்டிக் கத்தினேன், மேசையைக் குத்தினேன். அதனால்தான் இவ்வளவு சீக்கிரம் அடித்தது. கோபப்பட்டால் மூச்சு கூடும்.

என் தட்டச்சுப் பலகையில் இந்தக் குறிப்பேட்டைத் தவிர வேறெதிலும் எழுத முடியவில்லை.

13:50

அங்கயற்கண்ணி பூமிக்கு அவசரச் செய்தி அனுப்பினார். பதில் இப்போது வந்தது. அவர் இன்டர்காமில் வாசித்துக் காட்டினார்.

"'தங்கள் செய்தி கிடைத்தது. பொங்கல் விடுமுறையை முன்னிட்டு அலுவலகம் செயல்படாது. திங்கள் அன்று தங்களைத் தொடர்புகொள்வோம். இனிய பொங்கல் நல்வாழ்த்துகள்.' இதான் வந்திருக்கு ராணி. பத்மநாபனும் எடுக்கல. நான் போட்டுக்கிட்டே இருக்கேன்."

உத்தரவில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். இந்நேரம் பேருந்தில் ஜன்னலோரம் பிடித்திருப்பான் பத்மநாபன்.

மீரான் பனித் துளைப்பானைக் கொண்டுவந்து வெளியே கதவைத் துளைக்கிறான். தீத்தடுப்புக் கதவு. விரல் தடிமன்கூட இறங்கவில்லை. அதிர்வு நாற்காலிவரை வருகிறது.

14:15

பேசாமல், அசையாமல் இருந்தேன். மணி அடிக்கவில்லை. பிறகு அங்கயற்கண்ணி சொன்னார், எனக்குக் கொதித்துவிட்டது.

"ராணி, ஒரு வழி இருக்கு. வாராந்திர நகல் ஒண்ணு என் பொறுப்புல இருக்குல்ல. அதை ஏத்துனா நீ பழையபடி வந்துருவ. விடுமுறை முடியிற வரைக்கும் ஒத்திசைவையும் நிறுத்திரலாம்."

நகல் 613ஆம் நாள் எடுத்தது. அதில் நான் இருக்கிறேன். புதுச் சட்டம் இல்லை. ருக்கையா இல்லை. ஏற்றிய நகலில் ஒத்திசைவு ஓடும்வரை எதையும் சேர்க்க முடியாது. ஒத்திசைவு மறுபடி ஓடும்போது பூமியில் சட்டமும் அழியும், ஏனென்றால் அதைப் பயன்படுத்த ஆள் இருக்கமாட்டாள். இயக்குநர் பதிவை இனி எங்களைத் தொட விடமாட்டார்கள். அடுத்த ஒப்பத்துக்கு எந்தக் குதிகாலை வைப்பது?

வேண்டாம் என்றேன். டாக்டர் என்றும் பார்க்காமல் திட்டினேன்.

இரண்டாம் மணி.

14:31

சம்சாத் பேசினாள். அதை எழுதாமல் விடக்கூடாது.

"அக்கா, நகல ஏத்தச் சொல்லுங்க. நான் நடக்குறேன். முந்தி நடந்தேன்ல, மறுபடியும் நடக்குறேன். மீரான் தூக்குவாரு, டாக்டர் தூக்குவாங்க, முப்பத்தெட்டு பேரும் மாத்தி மாத்தித் தூக்குவோம். உங்கள விட்டுட்டு எம் புள்ளக்கி பேரு எதுக்குக்கா?"

அவளிடம் இப்படிச் சொன்னேன்: மூச்சைக் குறைக்கச் சொன்னால் உன் பிள்ளைக்குப் புரியாது. எனக்குப் புரியும். மீரானைத் துளைக்கச் சொல். நான் சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.

டாக்டரிடம் அந்த நகலை ஏற்றும் சாவியை உடைத்துப் போடச் சொன்னேன். உடைத்த சத்தம் கேட்டது. அழுதார் போலிருக்கிறது.

14:58

இன்னொரு மணி அடித்தால் இந்த அறைக் காற்றை உறிஞ்சிவிடும். சின்னச் சின்னதாக மூச்சு விடுகிறேன். பல்லைக் கடிக்கக்கூடாது. நெஞ்சு படபடக்கக்கூடாது. என் வாழ்நாளில் எனக்கு வராத காரியம் இது. அம்மா சொல்லுவாள், உனக்கு மூக்குக்கு மேல் கோபமடி என்று.

சேதுமாதவனை நினைக்கக்கூடாது. பொங்கல் வாழ்த்தை நினைக்கக்கூடாது. முறைன்னு ஒண்ணு இருக்கில்ல, அதை நினைக்கவே கூடாது.

துளைப்பான் சத்தம் நெருங்கியிருக்கிறது. இன்னும் எவ்வளவு என்று அவர்கள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

15:20

கண் இருட்டுகிறது. அளவுக்கு மீறிக் குறைத்துவிட்டேன் போல. உடம்பு தானாக ஒரு பெரிய மூச்சை இழுக்கப் பார்க்கிறது. விடவில்லை.

இதை எடுத்துப் படிப்பவரே, முடக்குமுன் கேளுங்கள். ஒரு வார்த்தை, அந்த ஆள் எங்கே இருக்கிறார் என்று. அதற்கு ஃபைல் வேண்டாம். வாய் இருந்தால்

கோபப்படக்கூடாது.

15:26

இன்டர்காமை அணைக்கவில்லை அவர்கள். ருக்கையா எழுந்துவிட்டாள். பசி. அழ ஆரம்பித்திருக்கிறாள். சம்சாத் என்னை நினைத்து அவள் வாயைப் பொத்துகிறாள் போல, சத்தம் அமுங்கி அமுங்கி வருகிறது.

கையை எடு சம்சாத். சொல்லிவிட்டேன் அவளிடம். கத்தித்தான் சொன்னேன். பரவாயில்லை.

எடுத்துவிட்டாள். என்ன தொண்டை இது, யப்பா. அங்கே மணி அடிக்கவில்லை. எவ்வளவு கத்தினாலும் அடிக்கவில்லை.

அழுடி. நல்லாக் கத்து. நீ யாருன்னு இனி யாரும் கேட்க முடியாது. இன்னும் சத்தமா